சக்கரத்தில் எழுதியிருப்பதை வாசிக்க மறுப்பவர்களுக்கு

இலக்கியம் பேசுமிடத்தில் கார்ச் சக்கரத்தைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். முகச்சுளிப்பு அவர்கள் உரிமை. ஆனால் அவர்களில் பாதிப்பேர் கார் வைத்திருப்பவர்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்கள். தரையோடு தங்களைப் பிணைத்து வைத்திருப்பது உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்த் துண்டுகளே என்பதையும், அந்த ரப்பரின் மேல் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும், அதை ஒருமுறைகூட வாசித்ததில்லை என்பதையும் எண்ணிப் பார்க்காதவர்கள். கல்வெட்டைப் படியெடுக்கவும் சுவடியில் பாடபேதம் காணவும் தெரிந்த ஒரு கூட்டம் தன் வண்டியின் சக்கரத்தில் இருக்கும் ஒரு வரியைப் படிக்காமல் இருப்பதைப் பெருமையாகக் கருதுமானால், அந்தப் பெருமையோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

சண்டை இவர்களோடு மட்டும் இல்லை. தொழிற்சாலையில் பொருத்தி வந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் வீலைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்று நகரம், சிற்றூர் என்ற பேதமின்றிப் பரவியிருக்கிறது. அதைக் குறித்து மூன்று தரப்பினர் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். முதல் தரப்பு விற்பவர்: "சார், பதினேழு போட்டுருங்க, வண்டி கெத்தா நிக்கும்." இரண்டாம் தரப்பு அஞ்சுபவர்: கம்பெனி கொடுத்ததே வேதம், அதில் கை வைப்பது பாவம். மூன்றாம் தரப்பு நம்மவர்: இதெல்லாம் நுகர்வுக் கலாச்சாரத்தின் ஆபாசம், இதில் பேச என்ன இருக்கிறது? மூவரும் வேறு வேறு திசையில் நிற்பதாகத் தோன்றும். கணக்குப் போட மறுப்பதில் மூவரும் ஒன்று.

முதலில் அந்த வரியைப் படிப்போம். 185/65 ஆர் 15 88 எச் என்று ஒரு டயரின் பக்கவாட்டில் இருக்கிறது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். அது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் 65 விழுக்காடு. ஆர் என்பது ரேடியல் கட்டுமானம். 15 என்பது உள்ளே அமரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது சுமைக் குறியீடு. அட்டவணையில் அதன் பொருள் 560 கிலோ. எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம், கிலோ, வேகம் என ஐந்து அளவைகள். நம் நிகண்டுகளில் இதைவிடச் சுருக்கமான வரிகளைப் பார்த்திருக்கிறோம்; இதைவிடச் செறிவான வரி அபூர்வம்.

இனி கணக்கு. பக்கச்சுவரின் உயரம் 185இல் 65 விழுக்காடு, அதாவது 120.25 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்: 240.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. கூட்டினால் 621.5 மி.மீ. இதுவே சக்கரத்தின் முழு விட்டம். வண்டியைப் பொறுத்தவரை முக்கியமான எண் இதுதான். வேகமானி, கிலோமீட்டர் கணக்கு, கியரின் இழுவை, பிரேக்கின் பிடி, மட்கார்டுக்குள் இருக்கும் இடைவெளி ஆகிய அனைத்தும் இந்த விட்டத்தை நம்பியே வகுக்கப்பட்டிருக்கின்றன.

ஆகவே பெரிய சக்கரம் என்று நாம் சொல்வது உண்மையில் பெரிய ரிம்மை மட்டுமே. ரிம் வளர வளரப் பக்கச்சுவர் குறைந்து, மொத்தம் மாறாதிருக்க வேண்டும். 16 அங்குல ரிம்முக்கு 195/55 என்ற டயரை எடுத்தால் மொத்த விட்டம் 620.9. 17 அங்குலத்துக்கு 205/45 எடுத்தால் 616.3, மூலத்தைவிட ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடு. மூன்று சக்கரங்களும் பார்வைக்கு மூன்று விதம். வண்டியின் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே. பொதுவாக மூன்று விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இத்தொழில் அறிந்தவர்களின் வரம்பு. வெண்பாவின் ஈற்றடியில் ஓசை நன்றாக இருக்கிறதென்று ஒரு சீரைக் கூட்டினால் அது வெண்பா ஆகாது என்பதை மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இங்கும் அவ்வளவே. ஒன்றைக் கூட்டியவன் மற்றொன்றைக் குறைத்தாக வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டாம் தரப்பாரை நிறுத்திக் கேட்க வேண்டும். கம்பெனி கொடுத்தது வேதம் என்கிறீர்களே, எந்தக் கம்பெனி எதைக் கொடுத்தது? மாருதி ஸ்விஃப்ட் காரில் விலை குறைந்த வகைக்கு 165/80 ஆர் 14, விலை கூடிய வகைக்கு 185/65 ஆர் 15. முன்னதன் விட்டம் 619.6, பின்னதன் விட்டம் 621.5. இடைவெளி இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஓரங்குலம் பெரிய ரிம், அகலமான டயர், குறைந்த பக்கச்சுவர் என்று நான் மேலே சொன்ன அதே கணக்கைத்தான் கம்பெனியும் போட்டிருக்கிறது. எனவே பெரிய ரிம்மைப் போடுவது தன்னளவில் பாவம் அன்று. கணக்கில்லாமல் போடுவதுதான் பிழை. அச்சத்தை அறிவு என்று எண்ணி மயங்குவதால் இளைஞர்கள் உங்கள் பேச்சைக் கேட்பதில்லை. கேட்காதபோது எதிரில் நிற்பவர் கடைக்காரர் ஒருவரே.

அந்தக் கடைக்காரரிடம் வருவோம். நம் ஊரில் நடப்பது இது. வாடிக்கையாளருக்குப் பிடித்த ரிம் சுவரில் தொங்குகிறது. அதற்கு ஏற்ற டயர் கையிருப்பில் இல்லை. சிறு எஸ்யூவிகளுக்கு வரும் 205/60 ஆர் 16 இருக்கிறது. "இதுவும் பதினாறுதான் சார்" என்று போட்டுவிடுகிறார்கள். விட்டம் 652.4. மூலத்தைவிட ஐந்து விழுக்காடு அதிகம். வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி 105இல் போகிறது. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டலாகாது என்பது வேகமானிக்கான ஐ.நா. வாகன விதி 39இன் அடிப்படை. இந்த மாற்றம் அந்தப் பாதுகாப்பை அரித்துவிடுகிறது. இழுவை குறையும். அதே பிரேக் பெரிய வட்டத்தை நிறுத்த அதிகமாக உழைக்க வேண்டும். முழுதாகத் திருப்பும்போதோ, ஆள் நிறைந்து பள்ளத்தில் இறங்கும்போதோ டயர் மட்கார்டை உரசும். கடையில் வெறும் வண்டியை நேராக நிறுத்திப் பார்க்கும்போது இவற்றில் ஒன்றும் தெரியாது. "ஏறிடுச்சு பாருங்க" என்பார்கள். செருப்பு காலில் ஏறுவதும் நடக்க ஏற்றதாக இருப்பதும் ஒன்றா?

விட்டம் சரியாக இருந்தாலும் போதாது, சுமை இருக்கிறது. 185/65 ஆர் 15 டயருக்கு வழக்கமான சுமைக் குறியீடு 88. 195/55 ஆர் 16க்கு 87. 205/45 ஆர் 17க்குச் சாதாரண வகையில் 84, அதாவது 500 கிலோ. டயருக்கு 60 கிலோ குறைகிறது. நான்குக்கும் சேர்த்து 240 கிலோ. ரிம் பெரிதாகப் பெரிதாக உள்ளே காற்றுக்கு இடம் குறைகிறது. சுமையைத் தாங்குவது ரப்பரை விடக் காற்றுதான் என்பதால் இது நேர்கிறது. சிறிய காருக்கு 2000 கிலோ போதுமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எடை நான்கு சக்கரங்களிலும் சமமாக உட்காருவதில்லை. பிரேக் பிடிக்கும்போது முன்னே சாயும், வளைவில் ஒரு புறம் சாயும். மேலும் அந்த 500 கிலோ என்பது டயரில் நிர்ணயித்த முழு அழுத்தம் இருக்கும்போது மட்டும். சாதாரண வகைக்கு அது சுமார் 36 பி.எஸ்.ஐ. பழைய பழக்கத்தில் 30 வைத்து ஓட்டினால் தாங்கும் திறன் இன்னும் கீழே போகும். வலுவூட்டிய வகையில் அதே அளவு 88 குறியீட்டோடு கிடைக்கிறது. ஆனால் அதன் முழுத் திறனுக்குச் சுமார் 42 பி.எஸ்.ஐ. வேண்டும், காற்றைக் குறைத்து வைத்துவிட்டு வலுவூட்டிய டயர் என்று சொல்லிக்கொள்வது வெற்றுப் பட்டம். மூலக் குறியீட்டுக்குக் கீழே இறங்காதே என்ற விதி இதனால்தான். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வலியறிதலுக்கு உவமையாக வைத்தார் வள்ளுவர். அந்தக் குறளுக்கு அலங்கார நயம் சொல்லி மதிப்பெண் வாங்கிய நாம், அதே செய்தி ரப்பரில் எண்ணாக வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறோம்.

அடுத்தது ரிம். கடையில் எல்லோரும் கேட்பது விலையும் டிசைனும். கேட்க வேண்டியவை வேறு நான்கு. ஒன்று, போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஃபியட் புன்டோவுக்கு நான்கு துளை, 98 மி.மீ.; ஸ்விஃப்டுக்கு நான்கு துளை, 100 மி.மீ. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று. இரண்டு மில்லிமீட்டரை ஸ்பேனரின் பலத்தால் சமாளிக்கலாம் என்று முடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி முடுக்கிய சக்கரம் சீராக அமராது, அதிர்விலேயே தளரும். இரண்டு, நடுத்துளை. ஹப்பைவிட ரிம்மின் நடுத்துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப வளையம் போட வேண்டும். போடாவிட்டால் சக்கரம் மையம் விலகி அமர்ந்து, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். அலைன்மெண்ட், பாலன்சிங் என்று மாறி மாறிச் செலவு செய்தும் நடுக்கம் தீராமல் அலைகிறவர்கள் இந்த வளையத்தையும் பார்க்க வேண்டும். மூன்று, ஆஃப்செட்: ஹப்போடு சேரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது. இது மாறினால் சக்கரம் வெளியே துருத்தும், அல்லது உள்ளே நுழைந்து உரசும். துருத்திக்கொண்டு நிற்பதை அழகு என்று சொல்லி விற்கிறார்கள். அந்த அழகின் கூலியைப் பேரிங் கொடுக்கிறது. நான்கு, ரிம்மின் அகலம். 205/45 ஆர் 17 டயருக்கு ஆறரை முதல் ஏழரை அங்குல அகலம் ஏற்றது. டிசைன் பிடித்ததென்று எட்டரை அங்குல ரிம்மில் அதை இழுத்து மாட்டினால் பக்கச்சுவர் சாய்ந்து, ரிம்மின் விளிம்பு பாதுகாப்பின்றி வெளியே நிற்கும்.

நட்டைக்கூடச் சொல்லியாக வேண்டும். எஃகுச் சக்கரத்துக்கு வந்த நட்டின் இருக்கையும் அலாய் வீலுக்கு வேண்டிய இருக்கையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புது நட்டைப் போட்டுக்கொண்டு பழையதைக் கடையிலேயே விட்டு வந்தவர், நள்ளிரவில் பஞ்சராகி ஸ்டெப்னியை எடுக்கும்போதுதான் அதை மாட்ட நட்டு இல்லை என்பதைக் காண்பார். வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரிலுள்ள ஸ்டெப்னி தெருவின் பெயர் நம் பஞ்சர்க் கடை வரை வந்து வழங்குகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிச் சென்ற சேமவச்சைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. வழியில் ஒடிந்தால் மாற்ற ஒன்று வேண்டும் என்பதோடு, அது மாட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது அந்த உமணருக்குத் தெரிந்திருக்கும். நான்கு சக்கரத்தை மாற்றி ஐந்தாவதை மறப்பவருக்கு அது தெரியவில்லை.

எல்லாக் கணக்கும் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு விலை உண்டு. 15 அங்குலத்தில் 120 மி.மீ. இருந்த பக்கச்சுவர் 17 அங்குலத்தில் 92 மி.மீ. ஆகிவிட்டது. வளைவில் வண்டி உறுதியாக நிற்கும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும் என்பவை பொய்யல்ல. ஆனால் பக்கச்சுவர் என்பது பள்ளத்தை முதலில் விழுங்கும் மெத்தை. மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய குழியில் இறங்கும்போது, தாழ்ந்த பக்கச்சுவர் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே நசுங்கி உள்ளிழைகள் அறும். சில நாளில் அங்கே ஒரு புடைப்பு எழும். அந்தப் புடைப்போடு நெடுஞ்சாலையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. அதற்குப் பஞ்சர் ஒட்டு கிடையாது, டயரை மாற்றியே ஆக வேண்டும். ரிம் வளைந்தாலோ வெடித்தாலோ தட்டி நிமிர்த்தி, வெல்டிங் வைத்து, வர்ணம் பூசி மறுபடி விற்கும் வணிகமும் நடக்கிறது. வெல்டிங் வைத்த அலாய் வீல், எங்கே மறுபடி வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத ஒன்று. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர் வர்ணத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்கட்டும்.

சட்டமும் சும்மா இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் வகுத்த மூல அமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றலாகாது என்று தீர்ப்பளித்தது. விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து நின்றால், "கெத்தா நிக்கும்" என்று சொன்ன கடைக்காரர் சாட்சிக்கு வரமாட்டார். ஆகவே மாற்ற விரும்புகிறவருக்கு நேரான வழி, தன் மாடலின் உயர்வகைக்கு உற்பத்தியாளரே தரும் அளவோடு நின்றுகொள்வது. துளைவட்டம், ஆஃப்செட், சுமை, விட்டம் ஆகிய கணக்குகளை அங்கே ஏற்கெனவே யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள்.

என் மாணவன் ஒருவன் பழைய கார் ஒன்றை வாங்கினான். முந்தைய உரிமையாளர் மாற்றிய பெரிய சக்கரங்களே அவனைக் கவர்ந்தவை. அவற்றுக்காகக் கூடுதல் விலையும் கொடுத்திருந்தான். "எந்த வருடத்து டயர் தம்பி?" என்று கேட்டேன். "புதுசுதான் சார், பட்டன் நல்லா இருக்கு" என்றான். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களைக் காட்டினேன். முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. ஒன்பது ஆண்டுப் பழைய ரப்பர். ஓடாமல் நின்றே முதிர்ந்து இறுகிப்போனது. பட்டன் இருந்தது, பிடிமானம் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? அவன் தமிழில் முதுகலை படித்தவன், யாப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். நான்கு எண்ணை வாசிக்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவனை ஏமாற்றிய பழியில் விற்றவருக்கு எவ்வளவு பங்கோ, இத்தகைய அறிவைத் தமிழ் உரைநடைக்குள் வரவிடாத நமக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பேன்.

மூன்றாம் தரப்பாருக்கு என் பதில் இதுதான். நாம் வாழும் மாநிலம் டயரும் சக்கரமும் செய்யும் மாநிலம். திருவொற்றியூரில் 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகையிலிருந்து எழுந்ததே எம்.ஆர்.எஃப். பாடியில் சக்கரம் செய்யும் தொழில் 1960களிலிருந்து நடக்கிறது. இந்தத் தொழில்களில் வேலை பார்த்த தமிழர் பல்லாயிரம். டயரைச் செய்யும் கை தமிழ்க் கை. டயரைப் பற்றி எழுதும் மொழி மட்டும் தமிழாக இருக்கலாகாதா? காரோடு வரும் கையேட்டை ஆங்கிலத்தில் படிக்க இயலாதவர் எங்கே போவார்? கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்புவதைத் தவிர அவருக்கு என்ன வழியை நாம் வைத்திருக்கிறோம்? நுகர்வுக் கலாச்சாரம் என்று ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிட்டால் அவர் வாங்குவதை நிறுத்தப் போவதில்லை; தவறானதை வாங்குவார், அவ்வளவே. இளைஞன் ஒருவன் தன் வண்டி அழகாக நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் ஆபாசம் எதுவும் இல்லை. தேருக்குச் சிற்பம் செதுக்கிய மரபு நம்முடையது. சிற்பம் செதுக்கியவன் அச்சின் அளவையும் அறிந்திருந்தான்.

ஆகவே, சக்கரம் மாற்றப் போகும் நண்பர்கள் கடையில் இவற்றைக் கேளுங்கள். புதிய டயரின் முழு விட்டம் பழையதோடு எத்தனை விழுக்காடு வேறுபடுகிறது? சுமைக் குறியீடும் வேக எழுத்தும் மூலத்துக்குக் குறையவில்லையே? துளைவட்டம், நடுத்துளை, ஆஃப்செட், ரிம்மின் அகலம் எவ்வளவு? இந்த அளவுக்குக் காற்று எத்தனை வைக்க வேண்டும்? ஸ்டெப்னிக்கு நட்டு எங்கே? டயரின் வாரமும் ஆண்டும் என்ன? பதில் சொல்லத் தெரிந்த கடைகளும் உண்டு; அவர்களிடம் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கொடுங்கள். "அதெல்லாம் பார்க்க வேணாம் சார்" என்று சிரிக்கிற கடையிலிருந்து இறங்கி வந்துவிடுங்கள்.

கார் இல்லாத, வாங்கப் போவதுமில்லாத நண்பர்கள் வாடகைக் காரில் ஏறும்முன் குனிந்து ஒரு சக்கரத்தையாவது வாசியுங்கள். புடைப்பு இருக்கிறதா, பட்டன் தேய்ந்து மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 1.6 மி.மீ. ஆழத்துக்குக் கீழே தேய்ந்த கார் டயர் சாலையில் ஓடத் தகுதியற்றது என்பது நாட்டின் விதி. அரை நிமிட வாசிப்புதான். அதைச் செய்வதால் யாருடைய இலக்கிய ருசியும் கெட்டுவிடாது.